எபேனில் ஆலோசனை நிறுவன வேலை: உள்ளே இருந்தவர்களின் அனுபவம் தேவை

காத்ர்போர்ன் மாணவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ரெதுயில் உள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் நிதியியலும் படித்து முடித்திருக்கிறேன். இங்கே மொரிஷியஸில் எபேன் என்ற ஊரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனம் எனக்கு இளநிலை ஆலோசகர் பணி தருவதாகக் கடிதம் அனுப்பியுள்ளது. பதில் சொல்ல இன்னும் பத்து நாள்களே இருக்கின்றன. இருபத்திரண்டு வயதுப் பையனிடம் யார் வந்து ஆலோசனை கேட்பார்கள் என்று அம்மா கேட்கிறார். அதற்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நேர்காணலில் வாய்ப்புகளைப் பற்றி நிறையப் பேசினார்களே தவிர, காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை என்ன செய்வேன் என்பதை யாரும் விளக்கவில்லை. மேலும் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். அந்த நாள்களில் மாலையில் கோயிலுக்குப் போக முடியுமா என்பதும் எனக்கு முக்கியம். இத்தகைய நிறுவனத்தில் பணிபுரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மோக்காவாசி எழுதியது:

அன்புள்ள தம்பி, நான் எபேனில் ஒன்பது ஆண்டுகள் ஆலோசகராக இருந்துவிட்டு, இப்போது ஒரு தொழிற்குழுமத்தின் நிதிப் பிரிவில் பணிபுரிகிறேன். அம்மாவின் கேள்வி நியாயமானது. உங்களிடம் யாரும் ஆலோசனை கேட்கப்போவதில்லை. வாடிக்கையாளரிடம் பேசி வேலையைப் பிடிப்பவர் பங்குதாரர். அதைத் திட்டமிட்டு நடத்துபவர் மேலாளர். அவர்கள் சொல்லப்போகும் வார்த்தைகளுக்கு அடியில் உள்ள எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் வேலை.

என்னுடைய முதல் பணி ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில். துணி இருப்பு ஏன் இவ்வளவு தேங்குகிறது என்று கண்டறிய வேண்டும். இரண்டு வாரம் இருப்புப் பதிவேடுகளை எக்செலில் ஏற்றி, கூட்டி, அழகான வரைபடமும் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் கிடங்குக்குப் போனபோதுதான், பின்னல் துணியைக் கிலோவிலும் நெய்த துணியை மீட்டரிலும் வாங்குகிறார்கள் என்பதும், பதிவேட்டில் இரண்டும் ஒரே நிரலில் எழுதப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. நான் கூட்டி வைத்திருந்த மொத்தத்துக்குப் பொருளே இல்லை. கிடங்குப் பொறுப்பாளர், ஓய்வுபெற ஓராண்டே இருந்த ஒரு பெரியவர், ஒரு பழைய அட்டையின் பின்புறத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்: சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள துணி என்றால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வரும். அந்த அட்டையை அவரிடம் கேட்டு வாங்கி இன்றும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த எண்ணையும் அதன் அலகு என்ன, அதை எழுதியவர் யார் என்று விசாரிக்காமல் கூட்டியதில்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததற்காக இந்தத் தொழிலுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி, உங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆலோசனை நிறுவனம் விற்பது நேரத்தை. நீங்கள் எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதை வாரந்தோறும் டைம்ஷீட்டில் பதிய வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி நம் நாட்டில் இயல்பான வேலை வாரம் 45 மணி நேரம். அதில் எண்பது விழுக்காடு கட்டணம் பெறத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் வைத்தால், 36 மணி நேரம் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பெயரில் இருந்தாக வேண்டும். இதில் தவறேதும் இல்லை. தவறு தொடங்குவது வேறோர் இடத்தில். நான் இருந்த ஒரு குழுவில் 400 மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்ட வேலை, உண்மையில் 560 மணி நேரம் எடுத்தது. "ஒதுக்கீடு முடிந்துவிட்டது, மீதியை எழுத வேண்டாம்" என்று மேலாளர் சொன்னார். நாங்களும் எழுதவில்லை. நான்கு மாதம் கழித்து அதே போன்ற வேறொரு வேலைக்கு விலை சொல்ல வேண்டி வந்தபோது, பழைய பதிவைப் பார்த்து 400 மணி நேரம் என்றே கணக்கிட்டார்கள். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஆறு வாரம் நள்ளிரவுவரை உட்கார்ந்தார்கள், அவர்களில் ஒரு பெண் பாதியிலேயே வேலையை விட்டுப் போனார். அவர் போனதற்கு நான் எழுதாமல் விட்ட மணி நேரங்களும் ஒரு காரணம் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே, உழைத்த நேரம் முழுவதையும் டைம்ஷீட்டில் எழுத அனுமதி உண்டா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். சம்பளத்தைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் மாலை நேரங்களைத் தீர்மானிக்கும்.

சைபர்சிட்டி கோவைக்காரர் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் இருந்து வந்து இங்கே ஐந்தாண்டுகளாக மென்பொருள் நிறுவும் ஆலோசகராக இருக்கிறேன். ஆலோசனை என்ற ஒரே பெயரில் பல தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தணிக்கையும் செய்கிற நிறுவனம் என்றால், உங்கள் பெயரில் உள்ள பங்குகளையும் முதலீடுகளையும் அறிவிக்கச் சொல்வார்கள், சிலவற்றை விற்கவும் சொல்வார்கள். 2001-இல் அமெரிக்காவின் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் வீழ்ந்து, அதன் கணக்குகளைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனமே அதே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் பெற்றுவந்தது பெரிய விவகாரமான பிறகு, 2002-இல் அமெரிக்காவில் சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. தணிக்கையாளரின் சார்பின்மை அதன் பின் எங்கும் கூர்ந்து கவனிக்கப்படுகிறது. அந்தப் படிவத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள்.

எங்கள் வேலையில் பளு சீராக இருக்காது. புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் வாரமும், அதன் பிறகு வரும் முதல் மாதக் கணக்கு முடிப்பும் உயிரை எடுத்துவிடும். இடையில் ஒரு மாதம் பெஞ்சில், அதாவது எந்த வாடிக்கையாளரின் வேலையும் இல்லாமல், சும்மா இருக்கவும் நேரும். இன்னொன்று, வாடிக்கையாளர் பாரிஸில் இருந்தால் கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் நாம் முன்னால் இருக்கிறோம். தைப்பூசம் வருவது அவர்களுடைய குளிர்காலத்தில்தான். அவர்கள் மாலை ஐந்தரைக்குத் திருத்தம் அனுப்பினால் இங்கே இரவு எட்டரை. உங்கள் குழு எந்த ஊர் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் என்று கேளுங்கள்.

வடக்குக் கரை ஊழியர் எழுதியது:

நான் மறுபுறத்தில் இருந்தவன். விடுதி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தபோது ஆலோசகர்கள் மூன்று முறை வந்தார்கள். மோக்காவாசி அம்மையார் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் மணி நேரம் மட்டுமே பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. அறைக் கட்டணத்தை முடிவுசெய்ய ஒரு எக்செல் கோப்பைச் செய்து கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது. அதைச் செய்த இளைஞர் வேறு வேலைக்கு மாற்றப்பட்ட பிறகு ஒரு சூத்திரத்தைக்கூட எங்களால் திருத்த முடியவில்லை, ஓராண்டில் பழைய முறைக்கே திரும்பினோம். இன்னொரு முறை வந்த பெண், அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும், வரவேற்பிலும் சலவைப் பிரிவிலும் உள்ளவர்களைக் கூட்டி, இரண்டு பிற்பகல் முழுக்க, இங்கே அன்றாடம் பேசும் கிரியோல் மொழியில் விளக்கினார். அவர் அமைத்த சலவைப் பதிவு முறை இன்றும் நடக்கிறது. நீங்கள் சேர்ந்தால் அப்படிப்பட்டவரோடு வேலை செய்யக் கேளுங்கள்.

காத்ர்போர்ன் மாணவர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைம்ஷீட் பற்றியும் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது பற்றியும் மின்னஞ்சலில் கேட்டேன். பாதிக்கு மேல் பக்கத்துத் தீவுகளான ரீயூனியனிலும் மடகாஸ்கரிலும் என்று பதில் வந்திருக்கிறது. டைம்ஷீட் கேள்விக்கு மட்டும், வியாழக்கிழமை நேரில் வந்து மேலாளரைப் பாருங்கள் என்கிறார்கள். ஏசிசிஏ எனப்படும் கணக்காளர் தொழில்தகுதித் தேர்வுக் கட்டணத்தை அவர்களே செலுத்துவதாகவும் கடிதத்தில் உள்ளது.

மோக்காவாசி எழுதியது:

தம்பி, நேரில் அழைத்திருப்பது நல்ல அறிகுறிதான். மறைக்க நினைப்பவர்கள் ஒரு வரியில் மழுப்பிவிடுவார்கள். மேலாளரோடு சேர்த்து, அவருக்குக் கீழே இரண்டாவது ஆண்டில் இருக்கும் ஒருவரோடும் பேச அனுமதி கேளுங்கள். ஏசிசிஏ பற்றிய பத்தியை மறுபடியும் வாசியுங்கள். கட்டணத்தை அவர்கள் செலுத்தினால், இத்தனை ஆண்டுகளுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்தக் காலம் எந்த நாளில் இருந்து தொடங்குகிறது, சேர்ந்த நாளிலிருந்தா, கடைசியாகக் கட்டணம் செலுத்திய நாளிலிருந்தா என்று எழுத்தில் வாங்குங்கள். நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டு, விலகும்போது இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. ஆனால் ரீயூனியனுக்கும் மடகாஸ்கரின் தலைநகரான அந்தானனரிவோவுக்கும் அது வேலை நாள், விரத நாள்கள் எல்லாருக்குமே வேலை நாள்கள். சேர்ந்த முதல் வாரமே அந்த நாள்களைக் குழுவின் நாள்காட்டியில் மாலை ஐந்து மணியோடு குறித்துவிடுங்கள். நவம்பரில் சொன்னால் எல்லாரும் ஒத்துழைப்பார்கள், ஜனவரியில் சொன்னால் யாராலும் முடியாது. நான் அப்படித்தான் செய்தேன்; ஒன்பது ஆண்டுகளில் பால்குடம் ஒரு முறைகூடத் தவறவில்லை.