ரப்பர் முதலைப் படங்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. 1975-இல் 'ஜாஸ்' என்ற சுறாப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கிடைத்த மிருகத்தை எல்லாம் ஊருக்குள் அவிழ்த்துவிட்டுச் சின்ன பட்ஜெட்டில் அமெரிக்காவில் எடுத்துத் தள்ளினார்களே, அந்த வகைப் படங்கள் இன்னும் வேண்டும்.

கரடி வரும் 'கிரிஸ்லி' (1976), கடிமீன்கள் வரும் 'பிரானா' (1978), முதலை வரும் 'அலிகேட்டர்' (1980) பார்த்தாகிவிட்டது. பின்னிரண்டுக்கும் திரைக்கதை ஜான் சேல்ஸ். பயத்துக்கு நடுவே நக்கலும் இருக்கும். 'அலிகேட்டர்' படத்தில் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்ட முதலைக் குட்டி, சாக்கடைக்குள் ஆய்வகத்து நாய்ப் பிணங்களைத் தின்றே வளர்ந்து, நடைபாதையைப் பிளந்துகொண்டு மேலே வருமே, அடடா!

'ஜாஸ்'க்கு முன்பே வந்த 'நைட் ஆஃப் தி லெபஸ்' (1972) மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. குட்டி செட்டுக்குள் நிஜ முயல்களை ஓடவிட்டு, ராட்சச முயல் என்கிறார்கள். என்னதான் இசை போட்டு மிரட்டினாலும் முயலைப் பார்த்துப் பயம் வருமா?

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முந்தைய படங்களாகச் சொல்லுங்கள். பாம்பு, எலி, தேனீ எதுவானாலும் சரி. இத்தாலி, ஆஸ்திரேலியப் படங்கள் என்றால் இன்னும் நல்லது. புயலில் சுறா பறக்கும் ரகம் வேண்டாம். படப்பிடிப்பில் விலங்குகளை நிஜமாகவே கொன்ற படங்களும் வேண்டாம். அப்புறம், முறையாக எந்த ஓடிடியில் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.