மொரிஷியஸின் கூலித்துறையும் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களமும்

கித்தாக்காடு (பத்தாங் பெர்ஜுந்தை):

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் எங்கள் ஊரை ஒட்டிய தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் இடிபடாமல் நின்றவை இரண்டு வரிசை லயங்கள் (தொழிலாளர் குடியிருப்புகள்), பழைய ஆலையின் புகைக்கூண்டு, மாரியம்மன் கோவில், அதன் எதிரே, காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி ஆள்கணக்கு எடுத்த பெரட்டுக்களம் ஆகியவை மட்டுமே. நிலம் இப்போது வீடமைப்புக்காகக் கைமாறிவிட்டது. சென்ற மாதம் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டை ஒரே காலைப் பொழுதில் இடித்து, பலகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எஞ்சியதையாவது காக்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் கூடிப் பேசினோம். கூட்டத்தில் ஒரு பெரியவர், “மரபுடைமை என்றால் கோட்டையோ கோபுரமோ இருக்க வேண்டும், லயத்து அறையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். எங்களில் எவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

மொரிஷியஸ் தீவில் நம் முன்னோரைப் போன்ற சஞ்சிக்கூலிகள் (ஒப்பந்தக் கூலிகள்) கரையேறிய இடமே உலக மரபுடைமைப் பட்டியலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்நாட்டில் எவற்றை, எந்த அடிப்படையில் காக்கிறார்கள்? எஞ்சியது கொஞ்சமே என்றால், அந்தக் கொஞ்சத்தின் மதிப்பை எப்படி நிலைநாட்டினார்கள்? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

பழைய வாத்தியார் (சுங்கை சிப்புட்):

தம்பி, பணி ஓய்வுக்குப் பிறகு மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிக்குச் சென்று அந்த இடத்தை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். அதன் பெயர் ஆப்ரவாசி காட். முன்பு கூலி காட், அதாவது கூலித்துறை, என்று அழைக்கப்பட்டது. பெரிய வளாகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மொத்தப் பரப்பே 1,640 சதுர மீட்டர், அதாவது நம் தோட்டத்துக் காற்பந்துத் திடலில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1849இல் கட்டத் தொடங்கிய குடிவரவு நிலையத்தின் பெரும்பகுதி இன்று இல்லை. நகருக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்காகவும் ஒரு பகுதியை இடித்தார்கள். நுழைவாயிலும், மருத்துவமனைக் கட்டடத்தின் சில பகுதிகளும், கடலிலிருந்து ஏறி வந்த கருங்கற் படிகளும், சமையற்கட்டின் அடையாளங்களும்தான் மிஞ்சியிருக்கின்றன.

உங்கள் பெரியவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அங்கே நான் அதிக நேரம் நின்றது மருத்துவமனையின் கழிப்பிடங்களுக்கு முன்னால். வரிசையாக அமைந்த அந்தச் சிறு கற்கட்டுகளைத் தோண்டி எடுத்து, துப்புரவாக்கி, உலக மரபுடைமையின் ஓர் அங்கமாக வைத்திருக்கிறார்கள். கழிப்பிடத்துக்கே அந்த மதிப்பு என்றால் லயத்துக்கு என்ன குறை?

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு கரும்புத் தோட்டங்களை நடத்த முடியுமா என்று பிரிட்டிஷ் அரசு 1834இல் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தது இந்தத் தீவில்தான். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்து இறங்கினார்கள். பின்னர் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து 1920 வரை வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். அவர்களில் சிலர் ரீயூனியனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் கரீபியத் தீவுகளுக்கும் மறுபடி கப்பலேற்றப்பட்டார்கள். இந்த ஒப்பந்தக் கூலி முறை அங்கிருந்து உலகெங்கும் பரவியது என்பதற்காகவே 2006இல் அந்த இடம் பட்டியலில் சேர்க்கப்பட்டது; கட்டட அழகுக்காகச் சேர்க்கவில்லை.

கற்களைக் காட்டிலும் காகிதம்தான் அங்கே பெரிய சொத்து என்பது என் கருத்து. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினார்கள். 1860களிலிருந்து நிழற்படமும் எடுத்தார்கள். கூலிகளைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதிய அந்த ஏடுகள் இன்று மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அங்கே சென்று பாட்டனின் எண்ணைத் தேடி எடுக்கிறார்கள். நம் தோட்டங்களில் செக்ரோல் (வருகை, சம்பளக் கணக்கு) புத்தகங்களை மூட்டை கட்டி எரித்ததை நானே பார்த்திருக்கிறேன். எனவே சுவரைக் காப்பதற்கு முன், கோவில் கணக்குப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புப் பத்திரம் என்று கிடைப்பதையெல்லாம் படம் பிடித்து வையுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தைப்பூசக் காவடிக்கு அந்நாட்டில் பொது விடுமுறை உண்டு. தமிழ் எண்கள் அச்சான அவர்களுடைய பணத்தாளை என் பணப்பையில் இன்னும் வைத்திருக்கிறேன்.

நிலவரி (ஈப்போ):

வாத்தியார் ஐயா சொன்னவற்றோடு சட்டத்தின் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்ரவாசி காட் 1987இலேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. 2001இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி ஓர் அறநிதி அமைப்பை உருவாக்கினார்கள். உலகப் பட்டியல் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதுவோர் நம்மிடையே உண்டு.

இடத்தைச் சுற்றி 28.9 ஹெக்டேர் காப்பு வளையமும் வகுத்திருக்கிறார்கள். போர்ட் லூயி நெருக்கமான வணிக நகரம் என்பதால் அந்த வளையத்துக்குள் கட்டட உயரம், தோற்றம் ஆகியவற்றுக்கு 2011இல் திட்டமிடல் நெறிமுறைகளைக் கொண்டுவந்தார்கள். நாற்புறமும் அடுக்குமாடி எழும்பிவிட்டால் நடுவில் நிற்கும் கல்லுக்குப் பொருள் இல்லை என்பது எளிய உண்மை. உங்கள் பெரட்டுக்களத்துக்கும் இது பொருந்தும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, அந்நாட்டின் இரண்டாவது உலக மரபுடைமையான லெ மோர்ன் மலை. தென்மேற்கு முனையில் கடலோரமாக 556 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் இப்பாறையின் குகைகளிலும் உச்சியிலும், தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1இல் விடுதலை வந்தது. அதை அறிவிக்க வந்த காவலர்களைக் கண்டவர்கள், தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று அஞ்சி மலையிலிருந்து குதித்து மாண்டதாக மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே மாளிகையோ கல்வெட்டோ இல்லை. வாய்மொழியாக வந்த நினைவும், அதற்குத் துணையாகக் குகைகளில் கிடைத்த தடயங்களும்தான் இருந்தன. அவற்றைக் கொண்டே 2008இல் அம்மலை பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் நம் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்தன.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் மாநிலத்தின் இசைவின்றி எதுவும் நகராது. ஆகவே உங்கள் மனுவை மாநில அரசுக்கும் மரபுடைமை ஆணையருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். வீடமைப்புத் திட்ட வரைபடம் ஊராட்சி மன்றத்தில் ஒப்புதலுக்கு வரும் முன்னரே அனுப்பிவிடுவது நல்லது.

காட்டுப்புறா (தெலுக் இந்தான்):

பண்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இயற்கையை விட்டுவிட வேண்டாம். கரும்புக்காகக் காட்டை அழித்த தீவு அது; செம்பனைக்கு நடுவே வாழும் நமக்கு அந்தக் கதை புதிதன்று. மிஞ்சிய காட்டில் முக்கியமான பகுதியை 1994இல் பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு ஏறத்தாழ 6,500 ஹெக்டேர்.

மொரிஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்குதான் இருந்தது. காடழிப்பும் டிடிடி பூச்சிமருந்தும் அந்த நிலைக்குத் தள்ளின. இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் பத்தளவில் வந்து நின்றது. முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்தும், குஞ்சுகளை வளர்த்து விடுவித்தும், கூடு கட்டப் பெட்டி வைத்தும், எலிகளை ஒழித்தும் இரண்டையும் நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். டோடோ பறவையை இழந்த தீவு என்பதால் அவர்களுக்கு அந்த அவசரம் புரிந்திருக்கிறது.

பூங்காவில் வேலி போட்டுவிட்டுப் போய்விடவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வெளியிலிருந்து வந்த சீனக் கொய்யாச் செடிகள் காட்டை மூடிவிடுவதால், சில இடங்களில் அவற்றைக் கையால் பிடுங்கி, உள்நாட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை அது. லெ மோர்னிலும் இதே கதைதான். நாட்டின் தேசிய மலரான திரோகேசியா இயற்கையாக வளர்வது அந்த மலையில் மட்டுமே. உங்கள் பெரட்டுக்களத்தில் நிழல் தரும் பழைய மரம் ஏதேனும் இருந்தால், அதன் சுற்றளவை அளந்து மனுவில் எழுதுங்கள்.

கித்தாக்காடு (பத்தாங் பெர்ஜுந்தை):

மூவருக்கும் மிக்க நன்றி. கழிப்பிடச் செய்தியை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு பெரட்டில் தம் அம்மா எந்த இடத்தில் நிற்பார் என்று சொல்லத் தொடங்கினார். கைப்பேசியில் நாற்பது நிமிடம் பதிவு செய்திருக்கிறேன். களத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது, நாளை அளந்துவிடுகிறேன்.

பழைய வாத்தியார் (சுங்கை சிப்புட்):

பெரட்டுக்கு மணியாக ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அது இன்னும் அங்கே இருக்கிறதா, தம்பி?

கித்தாக்காடு (பத்தாங் பெர்ஜுந்தை):

இருக்கிறது, ஐயா. கிராணி வீட்டை இடித்த அன்று பழைய இரும்பு வாங்குபவர் அதையும் அவிழ்க்கப் பார்த்தார். பூசாரி பிடுங்கிக்கொண்டு வந்து கோவில் மூலையில், தேங்காய் மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.