மறுமொழி: பீட்சா போறணைக்கு ‘வெப்பத்தடுப்பு’ என்ற சொல் போதுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

விறகில் எரியும் பீட்சா அடுப்பை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று தமிழில் எழுதத் தொடங்கி, சொற்கள் கேட்டு இங்கே மடல் போட்டேன். இத்தனை பேர் அக்கறையாகப் பதில் எழுதியதற்கு நன்றி. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘போறணை’யை அப்படியே எடுத்துக்கொண்டேன். பாண் சுடும் அடுப்புக்கு மக்கள் வாயில் புழங்கும் பெயர் இருக்கும்போது ‘கனலடுப்பு’ என்று ஒன்றை உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. சரி, இழுபறியில் இருப்பது இதுதான்:

> இன்சுலேஷனுக்கு ‘வெப்பத்தடுப்பு’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். புதிதாக ஏன் படைக்க வேண்டும்?

ஐயா, அந்தச் சொல்லால் வேலை கெடுகிறது, அதனால்தான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் போறணை கட்டினோம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் கொத்தனார் அண்ணன் ஒருவர் கை கொடுத்தார். குவிமாடத்துக்கு ‘வெப்பத்தடுப்புச் செங்கல்’ என்று என் குறிப்பில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கடைசிக் கல்லை வைத்ததும் நேராகப் பூச்சுக்குச் சாந்து குழைக்கப் போய்விட்டார். மேலே செராமிக் இழையாலான கம்பளியைச் சுற்ற வேண்டும் என்றேன். “தடுப்புக் கல்லு வச்சாச்சே தம்பி, அப்புறம் இது எதுக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். கல்லுக்கும் தடுப்பு, கம்பளிக்கும் தடுப்பு என்றால் யார்தான் இரண்டையும் வைப்பார்கள்?

உண்மையில் அந்தக் கல் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் போனாலும் உருகாமல் உடையாமல் தாங்கும், சூட்டைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும், ஆனால் வெளியே விட்டுக்கொண்டும் இருக்கும். நான்கைந்து அங்குலக் கல்லுக்கு வெளியே வேறொன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு வாட்டில் மர விறகைப் போட்டாலும் சூடு கொல்லைக்குத்தான் போகும். அதை நிறுத்துவது மேலே சுற்றும் செராமிக் கம்பளி. சூட்டைக் கடத்துவதில் அது கல்லில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 25 மில்லிமீட்டர் கம்பளியை இரண்டு மூன்று அடுக்கு சுற்றினால், உள்ளே தளம் 400 பாகையில் இருக்கும்போதும் வெளிப்பூச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசலாம். மறுநாள் காலையில் மிச்சச் சூட்டில் பன்னி சௌவுக்கான (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பும் எங்கள் ஊர்ச் சாப்பாடு) ரொட்டியைக்கூடச் சுட்டுவிடலாம்.

ஆக, தாங்குவது ஒரு வேலை, வெளியே விடாமல் பொதிந்து வைப்பது இன்னொரு வேலை. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. கம்பளியை நேரடியாகத் தீயில் காட்டினால் உதிரும், அதன் தூசி நெஞ்சுக்கும் ஆகாது (வெட்டும்போது நல்ல முகமூடி கட்டாயம், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்). இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தப் பெயர் என்பதில் பேசலாம்.

கல்லுக்கு ‘தீத்தாங்கி’ என்கிறேன். சுமைதாங்கி, இடிதாங்கி என்று நம்மிடம் வழி இருக்கிறது. இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை, ஏற்றுக்கொண்டு மண்ணுக்குள் இறக்குகிறது. ஆகவே தாங்குவது என்றால் தடுப்பது என்று யாரும் குழம்ப மாட்டார்கள். தீத்தாங்கிச் செங்கல், தீத்தாங்கிச் சாந்து என்று நீட்டவும் வரும்.

பொதியும் அடுக்குக்குக் ‘காவலி’ போதும் என்று அக்கா எழுதியிருந்தார். நல்ல சொல், ‘அரிதிற் கடத்தி’யைவிட நூறு மடங்கு மேல். பொருளின் தன்மையைச் சொல்ல அதையே வைத்துக்கொள்வோம்: கம்பளி ஒரு காவலி, வெர்மிகுலைட்டும் ஒரு காவலி. ஆனால் கட்டுகிறவனுக்கு ஓர் அடுக்கின் பெயர் வேண்டும். கையுறை, காலுறை மாதிரி அதைச் ‘சூட்டுறை’ என்று சொல்லலாம். கொத்தனார் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன், “சூட்டுக்குப் போடுற உறை” என்று அவரே பிரித்துச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். ‘சூடணை’ என்று இன்னொருவர் தந்தது கேட்க அழகுதான், ஆனால் சூட்டை அணைப்பது என்று படிக்கிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

சூட்டுறையில் கம்பளிக்கு மேல் வெர்மிகுலைட் கலவையும் சேரும். இந்த வெர்மிகுலைட் எங்கள் நாட்டில் லிம்போப்போ மாகாணத்துப் பலபோர்வாவில் வெட்டியெடுப்பது. சூடு காட்டினால் பொரிந்து பல மடங்கு உப்பும் கனிமம். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலந்தால் போதும். தளத்துக்கு அடியில் எடை ஏறுவதால் ஐந்துக்கு ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது தண்ணீர். அந்தக் கலவை தண்ணீரை அப்படிக் குடிக்கும். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்துவது தண்ணீர், ஆக நனைந்த சூட்டுறை சூட்டுறையே அல்ல. அது காயும் முன் சிமெண்டைப் பூசி அக்ரிலிக் பெயிண்டும் அடித்து மூடிவிட்டால், தீ மூட்டியதும் ஆவி போக வழியில்லாமல் பூச்சைப் பிளக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். டர்பன் கோடையில் மழையும் புழுக்கமும் சேர்ந்து எதையும் காயவிடாது, அதனால் இங்கே இது பெரிய பாடு. குவிமாட உச்சியில் சூட்டுறை வரை ஒரு சிறு குழாய் வைத்துவிட்டால் பிரச்சினை பாதி தீரும். புகைபோக்கி இருக்கிற மொழியில் இதற்கு ‘ஆவிபோக்கி’ என்று தயங்காமல் சொல்லலாம். சிறு தீ எரியும்போது அதன் வாயில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி முத்து முத்தாக வேர்த்தால் உள்ளே இன்னும் ஈரம், பூச்சு வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

சிறு தீயாகப் பல நாள் மூட்டி, மெல்ல மெல்லக் கூட்டிக் காயவைப்பதைப் ‘பதப்படுத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. புது மண்சட்டியைப் பழக்குகிறோம், போறணையையும் பழக்குவோம். ‘போறணை பழக்குதல்’ என்றால் அவசரப்படக் கூடாது என்பதும் சேர்ந்தே புரிகிறது.

பூச்சுக்குப் பூச்சுதான், புதுச் சொல் கிடையாது. மணலும் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து பூசுங்கள். சுண்ணாம்பு இருந்தால் மயிரிழை வெடிப்போடு நின்றுவிடும், உள் ஈரமும் வெளியேறும்.

தீத்தாங்கி, சூட்டுறை, ஆவிபோக்கி, பழக்குதல். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், மாற்றுச் சொல்லும் தாருங்கள். அக்கா, உங்களிடம் இன்னொன்று: போறணையின் வாயை மூடும் கதவுக்கு உங்கள் ஊர் பேக்கரிகளில் என்ன பெயர்?