ஷையரின் நிம்மதிக்குக் காவல் நின்றது யார்?

தென்கரை:
டோல்கீனின் மோதிரக் கதையான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை மூன்றாவது முறை படித்து முடித்தேன். பள்ளி நாட்களில், ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் நாடான ஷையரில் பிறக்கவில்லையே என்று ஏங்கியவன் நான். இந்த முறை ஹாபிட்டுகள் மேல் கோபம்தான் வந்தது. கிடைத்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளைச் சாப்பாடு, வாயில் சுங்கான், யாருக்கு யார் எத்தனையாவது வழியில் சொந்தம் என்ற பேச்சு. அவ்வளவுதான் உலகம். எல்லையில், பின்னால் அரசனாகும் அரகார்னின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்கிறார்கள். அப்படிக் காக்கப்படுகிறோம் என்பதையே ஹாபிட்டுகள் மறந்துவிட்டார்கள் என்று முன்னுரையிலேயே வருகிறது. வீட்டை நேசிப்பது நல்ல குணம்தான். அந்த வீட்டுக்கு யார் காவல் என்று ஒரு நாள்கூடக் கேட்காத அசட்டை நல்ல குணமா?

வாசுகி:
கேட்காததை அவர்கள் குற்றம் என்கிறீர்கள். கேட்க வேண்டாம் என்று முடிவு செய்ததே காவலர்கள்தான். எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் சபையில் அரகார்ன் சொல்வதை மறுபடி பாருங்கள். எளிய மக்கள் கவலையும் பயமும் இல்லாமல் இருந்தால்தான் எளியவர்களாகவே இருப்பார்கள், அதற்காக நாங்கள் மறைந்திருக்கிறோம் என்பதுதான் அவர் பேச்சின் பொருள். ஒளித்து வைத்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிக் கோபிப்பது?

இன்னொன்று. வைத்திருப்பவரையே அடிமையாக்கும் அந்த மோதிரத்தை எரிமலையில் அழிக்கச் சுமந்துபோக அரசர்களோ மந்திரவாதிகளோ ஏன் துணியவில்லை? பெரிய ஆசை உள்ளவர்களுக்கு அது பெரிய பிடி. எதிரியின் நாடான மோர்டாரின் வாசலில் மோதிரம் சாம் என்ற ஹாபிட்டின் கையில் இருக்கும்போது, பாலைநிலம் முழுவதையும் பூந்தோட்டமாக்கும் பேரரசனாக அவனையே அவனுக்குக் காட்டுகிறது. ஒரு தோட்டக்காரனுக்கு இதைவிட ஆசை காட்ட முடியுமா? ஆனால் தன் கையால் கொத்திப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னத் தோட்டம் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை மோதிரத்தைச் சுமந்துவந்த எஜமான் ஃபிரோடோ மேல் இருந்த அன்பும் அந்தத் தெளிவும்தான் அவனைக் காப்பாற்றின. நீங்கள் அசட்டை என்று சொல்லும் குணத்திலிருந்து வந்த தெளிவு அது.

தென்கரை:
சாமை வைத்து இனம் முழுவதையும் எடை போடாதீர்கள். முன்பு மோதிரத்தை வைத்திருந்த கொல்லம் என்பவனும் ஹாபிட்டுகளின் இனத்தவன்தான். மோதிரத்தைப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி நண்பனையே கழுத்தை நெரித்தவன். ஃபிரோடோவும் கடைசியில், எரிமலையின் வாயில் நின்று, மோதிரம் என்னுடையது என்றுதானே சொன்னான்? வீட்டுப்பற்று அங்கே என்ன செய்தது?

வாசுகி:
அந்த இடத்தைப் படித்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபிரோடோ என்ன சொல்கிறான்? சாப்பாட்டின் ருசி, தண்ணீரின் தொடுகை, புல், மரம் எதுவும் நினைவில் வரவில்லை என்கிறான். மோதிரம் முதலில் அவனிடமிருந்து ஊரைத்தான் பிடுங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் விழுந்தான்.

பழம்புத்தகம்:
இருவரும் மோர்டாரிலேயே நிற்கிறீர்கள். ஷையருக்குத் திரும்பி வாருங்கள். 2003இல் வந்த படத்தில் விட்டுவிட்ட பகுதியில்தான் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஃபிரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் நால்வரும் ஊர் திரும்பினால் மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, சத்திரங்கள் மூடிக் கிடக்கின்றன, சுவரெல்லாம் விதிகள். செய்தது வெளியாள் மட்டுமா? லோதோ என்ற ஹாபிட். ஆலை, சத்திரம், புகையிலைத் தோட்டம் என்று வாங்கிக் குவித்து, விளைந்ததை ரகசியமாகத் தெற்கே விற்றவன். எதிரி மந்திரவாதியின் கோட்டையான இசன்கார்டின் இடிபாட்டில் மெர்ரியும் பிப்பினும் ஷையர் முத்திரை குத்திய புகையிலைப் பீப்பாய்களைக் கண்டு மகிழ்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். அந்தப் பீப்பாய்கள் எந்த வழியாக அங்கே போயிருக்கும் என்று பிறகு யோசித்தபோதுதான் நெஞ்சு பதறியது. எல்லைக் காவலர்கள் எத்தனை பேர் நின்றாலும் லோதோவைத் தடுத்திருக்க முடியாது.

ஆனால் ஊரை மீட்டதும் ஹாபிட்டுகளேதான். துணைவந்த மந்திரவாதி காண்டால்ஃப் பாதி வழியிலேயே பிரிந்துவிடுகிறார், அரகார்ன் தெற்கே இருக்கிறார். ஷையரின் ஆண்டுக் கணக்கில் 1147க்குப் பிறகு 272 ஆண்டுகள் சண்டையே பார்க்காத மண்ணில், 1419இல் பைவாட்டர் என்ற ஊரில் போரிட நின்றார்கள். 19 ஹாபிட்டுகள் இறந்தார்கள், எதிரிகள் ஏறக்குறைய 70 பேர். அன்று ஃபிரோடோ வாளை உருவவே இல்லை. சரணடைந்தவர்களைக் கொல்லாமல் தன் ஆட்களைத் தடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இதிலெல்லாம் பெரியவள் லோதோவின் தாய் லோபீலியா. ஃபிரோடோவை வளர்த்த பில்போவின் வெள்ளிக் கரண்டிகள் மேல் கண் வைத்தவள், கதை முழுக்க யாருக்கும் பிடிக்காத கிழவி. அடியாட்களைக் குடையால் அடிக்கப் போய்ச் சிறைக்குப் போகிறாள். கடைசியில், ஃபிரோடோவிடம் வாங்கியிருந்த வீட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்து, மிச்சப் பணத்தை வீடிழந்தவர்களுக்கு எழுதி வைக்கிறாள். ஹாபிட்டுகளின் வீட்டுப்பற்று எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு இவளைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

தென்கரை:
லோபீலியாவை மறந்தே போயிருந்தேன். சரி, அசட்டை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பீப்பாய்களையும் இனி அதே கண்ணால் பார்க்க முடியாது.

ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பைவாட்டர் போரில் பங்கெடுத்த எல்லோரின் பெயர்களும் ஒரு பட்டியலாக எழுதப்பட்டு, ஷையரின் வரலாற்றாசிரியர்களால் மனப்பாடம் செய்யப்பட்டதாக வருகிறது. மோதிரத்தைத் தேடி எதிரியின் கறுப்புக் குதிரைவீரர்கள் வந்தபோது, ஷையர் எல்லையில் இருக்கும் சார்ன் ஆற்றுத்துறையில் அவர்களை மறித்து நின்ற காவலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஷையரில் அப்படி ஒரு பட்டியல் இருப்பதாக நான் படித்ததில்லை.

வாசுகி:
நானும் படித்ததில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.