செயற்கைத் தட்டு மிருதங்கம் தோலுக்கு மாற்றாகுமா?

கேள்வி: திருச்சி அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினாறு வயது. ஏழு ஆண்டுகளாக மிருதங்கம் கற்று வருகிறாள். சென்ற ஆண்டு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழு நனிசைவத்துக்கு மாறினாள். சாப்பாட்டில் எங்களுக்குள் பெரிய சச்சரவு ஏதும் எழவில்லை. தேங்காய்ப்பாலும் நிலக்கடலையும் எங்கள் அடுக்களைக்குப் புதியவை அல்லவே. சிக்கல் மிருதங்கத்தில்தான் வந்தது. வலக்கையால் வாசிக்கும் வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இடக்கைப் பக்கமான தொப்பியில் எருமைத்தோலும், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் வாரில் மறுபடி எருமைத்தோலும் இருப்பதை அறிந்த நாளிலிருந்து, வாசிக்க உட்காரும்போதே அவள் முகம் சுருங்கிவிடுகிறது. தோலுக்குப் பதில் செயற்கைப் படலத்தால் செய்த தட்டு பொருத்திய மிருதங்கம் வாங்கித் தரும்படி கேட்கிறாள். அவளுடைய குருவோ, "அதற்குப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டலாமே" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஐயம் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'வீகன் லெதர்' என்று எழுதி விற்ற கைப்பை ஒன்றை வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உரிந்தது. உள்ளே இருந்தது துணி, மேலே பூசியிருந்தது பாலியூரித்தேன். தோலை மிச்சப்படுத்தி நான் குப்பைக்கு அனுப்பியது ஒரு நெகிழிப் பூச்சைத்தான். மிருதங்கத்திலும் அதே கதைதானா? நாதம் ஈடாகுமா, உயிர்களுக்கு உண்மையில் ஏதேனும் நன்மை உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கும்கி

அம்மா, நான் முப்பது ஆண்டுகளாகப் பக்கவாத்தியம் வாசிப்பவன். செயற்கைத் தட்டையும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் மிருதங்கக் கலைஞருமான கே. வரதரங்கன் உருவாக்கிய 'ஶ்ரீ மிருதங்கம்' பல்லாண்டு உழைப்பின் விளைவு என்பதால், அதைப் பக்கெட்டோடு ஒப்பிடுவது நியாயமல்ல. சுருதி நிற்கிறது, மீட்டு என்னும் விரலடிச் சொல் தெளிவாக விழுகிறது, மார்கழிப் பனியிலோ குளிரூட்டிய அரங்கிலோ தட்டு இறங்கிப்போகும் கவலை பெரும்பாலும் இல்லை. கச்சேரி நடுவில் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வாசிப்பவர்கள் அறிவார்கள்.

ஆனால் "தோல் மிருதங்கமேதான், தோல் மட்டும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கைக்கு வித்தியாசம் தெரிவது தொப்பியில். ரவையைப் பிசைந்து தொப்பியில் அப்பி, உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது வருகிற கும்கி என்ற குழைவான ஓசையில் தோல் கையோடு சேர்ந்து இழுபட்டுக் கொடுக்கும். அந்த இணக்கம் செயற்கையில் எனக்குக் கிடைக்கவில்லை. சாப்பு என்ற வலந்தலை அடியிலும் கார்வை, அதாவது ஒலி நீடிப்பு, சற்று வேறு மாதிரியாகத்தான் இருக்கிறது. இது ஒரு கையின் தீர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோலின் புனிதம் பற்றிப் பேசும் என் சக கலைஞர்கள் பலர் எருமைத்தோல் வாரை விட்டுவிட்டு நட்டு-போல்ட் வைத்த மிருதங்கத்துக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். கஞ்சிரா என்ற சிறு கைக்கொட்டுக் கருவியில் ஒரு காலத்தில் உடும்புத்தோல்தான் கட்டினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்புப் பட்டியலில் வைத்த பிறகு ஆட்டுத்தோலும் செயற்கைப் படலமும் அந்த இடத்துக்கு வந்தன. உடும்புத்தோலின் நாதம் வேறுதான் என்று மூத்தவர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள், ஆயினும் கஞ்சிரா மேடையை விட்டு இறங்கிவிடவில்லை.

பதில்: இயற்பியல் வாத்தியார்

மேலே உள்ள பதிலில் ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது. மேற்கத்திய டிரம் கருவிகளில் 1950களின் இறுதியிலேயே கன்றுத்தோலின் இடத்தைப் பாலியெஸ்டர் படலம் பிடித்துவிட்டது. 1957இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் அதில் முன்னோடி. அங்கே எளிதாக நடந்த மாற்றம் இங்கே ஏன் இத்தனை பாடுபடுகிறது என்று கேட்டால், கலைஞர்களின் பிடிவாதத்தைக் காட்டுவார்கள். பிடிவாதமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வலந்தலையின் நடுவில் இட்டிருக்கும் கரணை என்ற கருவட்டம்தான் முதன்மையான காரணம்.

சீரான வட்டப் படலம் ஒன்றைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற விகிதங்களில் வரும். அதனால்தான் சாதாரணக் கொட்டுக்கருவியில் ஓசை கேட்குமே தவிர சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியல்ல என்பதை சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் இணைந்து எழுதிய குறிப்பிலும், 1934இல் வெளியிட்ட விரிவான கட்டுரையிலும் காட்டினார். நடுவில் கரணையின் பாரம் ஏறியதும், முதல் ஒன்பது அதிர்வு வகைகள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து முழுமடங்குச் சுரங்களாகத் திரண்டுவிடுகின்றன. ஆகவே தோலுக்கு மாற்று தேடுபவர் வெறும் படலத்தை மாற்றினால் போதாது. சோறும் கல்பொடியும் கலந்து அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கல்லால் இழைத்து ஏற்றுகிற அந்தக் கருவட்டம் படலத்தோடு ஒட்டி நின்று, அது வளையும்போது தானும் வளைய வேண்டும். தோலின் நார் மேற்பரப்பு கரணையைப் பற்றிக்கொள்ளும், வழுவழுப்பான படலம் அப்படிப் பற்றாது. டிரம்முக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எனவே என் ஐயம் செயற்கைத் தட்டு முடியுமா என்பதில் இல்லை, முடியும் என்று காட்டிவிட்டார்கள். தேய்ந்தபின் என்ன செய்வீர்கள் என்பதே என் கேள்வி. கரணை உதிர்ந்தால் உள்ளூர்க் கைவினைஞர் அதே தட்டில் மறுபடி இட்டுத் தருவார். செயற்கைத் தட்டு பழுதானால் முழுத் தட்டையும் தயாரிப்பாளரிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் விலையை அல்ல, மாற்றுத் தட்டின் விலையைக் கேளுங்கள்.

பதில்: மதுரைப் பறைக்காரன்

எங்கள் குழு ஃபைபர் பறைக்கு மாறியதற்கு ஜீவகாருண்யம் காரணமில்லை. மழையில் ஊர்வலம் போக வேண்டும், தீ மூட்டிக் காய்ச்ச இடம் இருக்காது, அவ்வளவுதான். ஓசை கூர்மையாக வரும், தோலின் அடிவயிற்று அதிர்வு வராது. இரண்டையும் வைத்திருக்கிறோம்.

பதில்: வாணியம்பாடி

தோல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பேச்சை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

தோல் என்றாலே பாலாற்றைக் கெடுத்த குரோமியம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் மிருதங்கத்துக்குப் போவது பதனிட்ட தோல் அல்ல. மயிரும் சவ்வும் நீக்கி உலர்த்திய பச்சைத் தோல், குப்பையில் கிடந்தால் மண்ணோடு மட்கிவிடும். பாலியெஸ்டர் படலம் பெட்ரோலியத்தில் பிறந்து, நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அப்படியே கிடக்கும். 'நனிசைவம்' என்ற முத்திரை விலங்கு இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. தீங்கு இல்லை என்று அது சொல்வதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கைப்பையில் நீங்கள் ஏமாந்ததும் இந்த இடத்தில்தான்.

"இறைச்சிக்காக அறுத்ததன் மிச்சம்தானே தோல்" என்று எங்கள் தரப்பில் சொல்லும் வாதம் முழு உண்மை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தோலுக்கும் விலை உண்டு, அந்த விலை அறுப்பவரின் கணக்கில் சேர்கிறது. மிருதங்கம் செய்பவரோ கிடைத்ததை எடுத்துப்போவதில்லை; தடிமன் பார்த்து, காயமும் சூட்டுத் தழும்பும் இல்லாத தோலாகத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்குகிறார். ஆனாலும் காலணிக்கும் கைப்பைக்கும் போகும் தோலின் முன் மிருதங்கத்துக்கான தேவை கடுகளவு. உங்கள் மகள் ஒரு தட்டைத் தவிர்ப்பதால் ஒரு மாடு பிழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

செயற்கைத் தட்டை ஆதரித்து நான் நேரில் கேட்ட சில குரல்கள் எனக்கு உறுத்தலாக இருந்தன. அவர்களுக்கு மாட்டின் வலி பொருட்டல்ல. மாட்டுத்தோலைத் தொட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் பேசியது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களில் பல தஞ்சாவூர்ப் பக்கத்துத் தலித் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியை 2020இல் சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது பலருக்கும் நினைவிருக்கும். உங்கள் மகளின் மனம் அப்படிப்பட்டதல்ல என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆயினும் அவள் வாசிக்கும் வாத்தியத்துக்கு மூட்டுப் போடும், அதாவது தோல் தட்டைக் கட்டித் தரும், மனிதரை ஒருமுறை பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு அவள் முடிவெடுத்தால் நல்லது.

கேள்வி கேட்டவர்: திருச்சி அம்மா

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மகளிடம் படித்துக் காட்டினேன். ஒரு மாடு பிழைக்கும் என்று தானும் எண்ணவில்லை, தன் கை அதன்மேல் பட வேண்டாம் என்பது மட்டுமே தன் விருப்பம் என்றாள். வாணியம்பாடி ஐயா சொன்ன 'கூச்சம்' என்ற சொல்லைக் கேட்டதும் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பட்டறைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறாள், அடுத்த ஞாயிறு போகிறோம்.

இப்போதுள்ள மிருதங்கத்தின் மூட்டு இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்கிறார் குரு. அதுவரை அதையே வாசிப்பாள். அதற்குள் செயற்கைத் தட்டு ஒன்றை எங்காவது வாசித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நல்லது. கும்கி ஐயாவுக்கு ஒரு கேள்வி: அவள் பெரும்பாலும் பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில்தான் வாசிக்கிறாள். அந்தச் சுருதியில் செயற்கைத் தட்டு எப்படி ஒலிக்கிறது?

பதில்: கும்கி

நான் வாசித்தது ஒரு கட்டையில், ஆண் குரலுக்கு. ஐந்தரையில் வாசித்த மாணவி ஒருவர் எனக்குத் தெரிந்தவர், சென்னையில் இருக்கிறார். அவரிடம் கேட்டு எழுதுகிறேன். முடிந்தால் உங்கள் மகள் அவர் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்கட்டும். பாட்டில்லாமல் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் வேண்டாம், யாரையாவது பாட வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.