செங்காந்தள் விதை நாற்று மஞ்சளாகிச் சாய்கிறது, காப்பாற்ற முடியுமா?

மொட்டைமாடி_மலர்:
வணக்கம். தாராபுரம் பக்கத்து உறவினர் கொடுத்த செங்காந்தள் விதையை ஆடியில் போட்டேன். ஒரு ராத்திரி ஊறவைத்து, தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்த தட்டில் விதைத்தேன். வெகுநாள் ஒன்றையும் காணோம். அப்புறம் ஒன்றிரண்டாக எட்டிப் பார்த்து, ஐப்பசி மழைக்குள் பாதி முளைத்துவிட்டது. புல் மாதிரி மூன்று நான்கு இலை, விரல் உயரம், அவ்வளவுதான். கொடி ஓடவில்லை, இலை நுனி சுருளவும் இல்லை. தை பிறந்ததும் நுனியிலிருந்து மஞ்சள் ஏறி ஒவ்வொன்றாகச் சாய்கிறது. தண்ணீரைக் கூட்டியும் நிற்கவில்லை. உரம் போடலாமா? முளைக்காத மீதி விதைகளை என்ன செய்வது?

பச்சைவிரல்:
நாற்றழுகலாக இருக்கும். சூடோமோனாஸ் (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேரில் ஊற்றிப் பாருங்கள்.

மூலனூர்க்காரன்:
மருந்து, உரம் எதுவும் வேண்டாம் தங்கச்சி. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அழுகல் என்றால் இலை பச்சையாக இருக்கும்போதே, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்துக் கறுத்து நூலாக இளைத்து மடியும். பக்கத்து நாற்றுக்கும் மளமளவென்று பரவும். உங்களுடையது நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்கிறது என்கிறீர்கள். அது செடி தூங்கப் போகிறது. எங்கள் காட்டில் காய் பறித்து முடித்ததும் கொடி முழுக்க இப்படித்தான் காய்ந்துபோகும். கோடை முழுக்க மண்ணுக்கு மேலே ஒரு தடயமும் இருக்காது. மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து தானாகக் கிளம்பும்.

சந்தேகம் தீர ஒரே ஒரு நாற்றின் அடியில் ஈர்க்குச்சியால் மண்ணைத் தள்ளிப் பாருங்கள். பட்டாணி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ வெளிறிய கிழங்கு இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பிடித்துத் தூக்க வேண்டாம். கிழங்கு சட்டென்று ஒடியும், முளைக்கண் நுனியில்தான் இருக்கும். அது போனால் அந்தக் கிழங்கு அவ்வளவுதான்.

மொட்டைமாடி_மலர்:
அண்ணா, தோண்டிப் பார்த்தேன். பச்சைப்பயறைவிடக் கொஞ்சம் பெரிதாக, கெட்டியாக இருக்கிறது! அப்படியே மூடிவிட்டேன். இதற்குப் பிறகு?

மூலனூர்க்காரன்:
தட்டைக் கலைக்காமல் நிழலில், கோடை மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள். மண் உலர்ந்தே இருக்கட்டும். இந்தச் சமயத்தில் ஊற்றும் தண்ணீர்தான் கிழங்கை அழுக வைக்கும். மொட்டைமாடி வெயிலில் தட்டு சூடாகிவிடும், கீழே இறக்கிவிடுங்கள்.

முளைக்காத விதையையும் கொட்டிவிடாதீர்கள். இந்த விதை ஓடு கெட்டியானது, ஒரே மூச்சில் முளைக்காது. இரண்டாம் மழைக்கு வருவதும் உண்டு. இனி விதைப்பதாக இருந்தால் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும் மேல்சதையைக் கழுவித் தேய்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள். வெயிலில் காய்ந்து, மூட்டையில் கிடந்த பழைய விதை தாமதமாகத்தான் வரும். எங்கள் ஊரில் விதை விற்பனைக்கு. மருந்துக்காக வாங்கிப் போவார்கள். நடுவதற்குக் கிழங்குதான், அதற்கு விலை அதிகம். பொறுமை இருக்கிறவர்களுக்கே விதை லாயக்கு.

காட்டுப்பூ_ரசிகன்:
முதல் வருஷம் கொடி ஓடாததில் அதிசயமில்லை. வளர்ந்த செடியிலேயே கீழ் இலைகள் சுருளாது, மேல் இலைகளின் நுனிதான் பற்றுக்கம்பியாகும். விதையில் வந்த செடி பூக்க மூன்று நான்கு வருஷம்கூட ஆகும். அடுத்த ஆடியில் துளிர்த்ததும் ஓரடியாவது ஆழமுள்ள தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வேலிப் பக்கம் இடமிருந்தால் அங்கேயே விடுங்கள், ஏறிக்கொள்ள ஒரு புதர் போதும். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி போட்ட புழு வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். லில்லி வகைகளை மேயும் அந்துப்பூச்சியின் புழு அது, கொடியை மொட்டையாக்கிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்தால் போதும்.

பச்சைவிரல்:
அழுகல் இல்லை என்றால் சந்தோஷம். வீட்டில் குழந்தை இருக்கிறதா? இந்தக் கிழங்கில் கோல்சிசின் என்ற விஷம் இருக்கிறது. தட்டு எட்டும் உயரத்தில் வேண்டாம்.

மொட்டைமாடி_மலர்:
ஆமாம், நாலு வயதுப் பையன் இருக்கிறான். மாடிப்படிக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுகிறேன். பூத்தால் காய் தானாகப் பிடிக்குமா?

மூலனூர்க்காரன்:
பட்டாம்பூச்சி வந்தால் பிடிக்கும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும், அதனால் நாங்கள் காலையில் பூவுக்குப் பூ கையால் தொட்டு வைப்போம். நீங்களும் ஒரு சின்னத் தூரிகை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குத் தட்டில் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் யாராவது வெறும் மண் என்று கொட்டிவிடுவார்கள்.