எம்.எம்.ஏ. போட்டிகளில் கிராப்ளிங் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

குடந்தை வாசகர் கேட்டது:

வணக்கம். கல்லூரிக் காலம் முழுவதும் கும்பகோணம் வட்டார அணிகளில் கபடி ஆடியவன் நான். அதனாலோ என்னவோ, எம்.எம்.ஏ. என்னும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளைப் பார்க்கும்போது என் கண் குத்துகளையும் உதைகளையும்விட, கிராப்ளிங் எனப்படும் பிடிச்சண்டையின் மேல்தான் நிற்கும். 1993 நவம்பரில் டென்வர் நகரில் நடந்த யு.எஃப்.சி. என்னும் எம்.எம்.ஏ. அமைப்பின் முதல் போட்டியின் பதிவை அண்மையில் முழுவதுமாகப் பார்த்தேன். ராய்ஸ் கிரேசி என்னும் ஒல்லியான பிரேசில் வீரர், ஜியு-ஜிட்சு என்னும் பிடிக்கலை ஒன்றையே நம்பிக் களமிறங்கி, ஒரே இரவில் மூவரைத் தரைக்குக் கொண்டுபோய்ப் பணிய வைத்தார். அவர்களில் முதலாமவர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்த குத்துச்சண்டைக்காரர். கிரேசி நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததும், அதற்குமேல் என்ன செய்வதென்றே தெரியாமல் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இன்று அப்படி ஒரு காட்சியைக் காண முடிவதில்லை. கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த இஸ்ரேல் அடெசான்யாவும் அலெக்ஸ் பெரேராவும் பட்டங்களை வென்றார்கள். 2025 மார்ச்சில் பெரேராவை வென்ற மகமது அன்கலாயெவ், மல்யுத்தத்துக்குப் பெயர்பெற்ற தகிஸ்தானைச் சேர்ந்தவர். அவரும் பலமுறை முயன்று ஒருமுறைகூடப் பெரேராவைத் தரையில் வீழ்த்த முடியாமல், நின்று அடித்தே புள்ளிகளைச் சேர்த்தார். கிராப்ளிங் தேய்ந்துவருகிறது என்று சொல்வது சரிதானா? சரி என்றால் அதற்குக் காரணம் விதிகளா, வீரர்களா, பார்வையாளர்களா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அக்காள் மகன் ஊர் அணியில் இடது கார்னர் ஆடுகிறான். கணுக்கால் பிடியில் கெட்டிக்காரன். தஞ்சாவூரில் எம்.எம்.ஏ. பயிற்சியில் சேர விரும்புகிறான். "பிடியெல்லாம் பழங்கதை, முதலில் பாக்ஸிங் கற்றுக்கொள்" என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். அது சரியான அறிவுரையா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டும்.

அரசலாறு எழுதியது:

நண்பரே, நீங்கள் பார்த்த அந்த முதல் போட்டியிலேயே விடை இருக்கிறது. கிரேசிக்குத் தெரிந்தது எதிராளிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதே அன்று அவருக்கு இருந்த பெரும் பலம். அந்த அறியாமை சில ஆண்டுகளுக்குள் தீர்ந்துபோனது. 1995 ஏப்ரலில் அவரும், அன்று தோற்ற மூவரில் ஒருவரான கென் ஷாம்ராக்கும் மீண்டும் மோதியபோது, ஆட்டம் 36 நிமிடம் நீண்டு சமனில் முடிந்தது. அதில் பெரும்பகுதி ஒருவர்மேல் ஒருவர் அசையாமல் படுத்துக் கிடந்த நேரம்தான். 2000 மே மாதம் ஜப்பானில் கசுஷி சகுராபாவுடன் அவர் ஆடிய ஆட்டம் 90 நிமிடம் நடந்து, கிரேசியின் தரப்பு தோல்வியை ஏற்றுத் துண்டை வீசியதில் முடிந்தது. சகுராபா பிடிச்சண்டையில் தேர்ந்தவர். அன்று ராய்ஸை வென்றது பிடியைப் புரிந்துகொண்டு அதை முறியடிக்கத் தெரிந்த இன்னொருவர்.

அந்த ஆண்டிலேயே நியூ ஜெர்சியில் எம்.எம்.ஏ.வுக்கான பொதுவிதிகள் நடைமுறைக்கு வந்தன. ஐந்து நிமிடச் சுற்று, சாதாரண ஆட்டத்துக்கு மூன்று சுற்று, பட்டத்துக்கு ஐந்து சுற்று என்ற ஏற்பாடு கிராப்ளிங் வீரரை எவ்வளவு நெருக்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிராளியின் குத்துகளைத் தாண்டி உள்ளே போக ஒரு நிமிடம், களமான கூண்டின் வேலியோடு அழுத்தி வீழ்த்த ஒரு நிமிடம், கால்களின் தடையைக் கடந்து பக்கவாட்டுக்கு வர இன்னும் ஒரு நிமிடம் என்று மெல்ல மெல்லச் சேர்த்த முதலெல்லாம் மணி அடித்தவுடன் பறிபோய்விடுகிறது. அடுத்த சுற்றை இருவரும் நின்றபடியே தொடங்க வேண்டும். குத்துபவருக்கோ ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் அவருக்குப் பிடித்த நிலையில் இலவசமாகக் கிடைக்கிறது.

எனினும், இதையெல்லாம் வைத்துக் கிராப்ளிங் தேய்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது தாக்குதலில் இருந்து தற்காப்புக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. நின்று அடித்துப் புகழ்பெற்ற சக் லிடெல் கல்லூரிக் காலத்தில் மல்யுத்த வீரர். தம்மை யாராலும் எளிதில் கிடத்த முடியாது என்ற துணிவில்தான் அவர் அவ்வளவு அகலமாகக் கையை வீசினார். 2017 ஜூலையில் டெமியன் மாயா, டைரன் உட்லியின் பட்டத்துக்குப் போட்டியிட்டபோது இருபது முறைக்கு மேல் வீழ்த்த முயன்றும் ஒன்றும் பலிக்கவில்லை. ஆட்டம் சலிப்பாக இருந்ததென்று கூட்டம் கூச்சலிட்டது. நான் அதை இருமுறை பார்த்திருக்கிறேன். உட்லியின் இடுப்பு பின்வாங்கும் வேகமும், மாயாவின் தலையை அவர் கை கீழே அழுத்தும் விதமும் உயர்ந்த தரமான கிராப்ளிங் அல்லாமல் வேறென்ன? நீங்கள் குறிப்பிட்ட பெரேராவும் கிளோவர் டெஷெய்ராவிடம் பயின்றவர். டெஷெய்ரா ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை பெற்றவர்.

உண்மையிலேயே செத்துப்போனது ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, கால்களால் எதிராளியை வளைத்துக்கொண்டு, கீழிருந்தே வெல்லும் ஆட்டம் அது. மேலிருப்பவரின் முழங்கை முகத்தில் விழுகிறது. நடுவர்கள் கீழே கிடப்பவரைத் தோற்பவராகவே பார்க்கிறார்கள். முக்கோணப் பிடியும் கைமுறுக்கும் வருவதை இன்று எல்லோரும் முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறார்கள். சார்லஸ் ஒலிவேரா போன்ற ஓரிருவரைத் தவிர, கீழே கிடப்பதை விரும்பித் தேர்பவர் இப்போது அரிது.

மன்னை ரசிகர் எழுதியது:

அரசலாறு ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மறுபாதியில் எனக்கு வழக்கு இருக்கிறது. தாக்கும் கிராப்ளிங் போய்விட்டது என்றால், 29 ஆட்டங்களில் ஒன்றும் தோற்காமல் 2020-இல் ஓய்வுபெற்ற கபீப் நர்மகமெதோவை எங்கே வைப்பது? அவருடைய தோழர் இஸ்லாம் மகச்சேவ் 2022 அக்டோபரில் அபுதாபியில் அதே ஒலிவேராவைத் தரையில் கிடத்தி, கையையும் கழுத்தையும் சேர்த்து நெரித்துப் பட்டம் வென்றார். சப்மிஷனில், அதாவது பிடியால் எதிராளியைப் பணியவைப்பதில், சாதனை படைத்தவரையே சப்மிஷனில் வீழ்த்திய ஆட்டம் அது. மேரப் த்வாலிஷ்விலி 2024-இல் ஷான் ஓமாலியிடமிருந்து பட்டத்தைப் பறித்ததும் ஓயாமல் காலைப் பிடித்து இழுத்துத்தான்.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் கம்சாட் சிமாயெவ், டிரிக்கஸ் டு பிளெசியை வென்ற பட்டப்போட்டியைப் பாருங்கள். 25 நிமிட ஆட்டத்தில் 21 நிமிடத்துக்கு மேல் அவர் கட்டுப்பாட்டிலேயே எதிராளி கிடந்தார். அப்படிக் கிடந்தும் ஆட்டம் நடுவர்களின் தீர்ப்புக்குத்தான் போனது. சிமாயெவின் திறமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவ்வளவு நேரம் மேலே இருந்தவர் ஆட்டத்தை முடிக்கப் பெரிதாகத் துணியாததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சப்மிஷனுக்குப் போய்த் தவறினால் மேல்நிலை பறிபோகும். போகாமல் இருந்தால் சுற்று நிச்சயம். இந்த வியாபாரத்தில் இழப்புக்கு அஞ்சுபவரே வெல்கிறார். கிராப்ளிங் சாகவில்லை, சோம்பிவிட்டது என்பதே என் கருத்து.

அமைப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முன்பு ஒவ்வொரு போட்டி இரவிலும் சிறந்த நாக்-அவுட்டுக்கு ஒரு பரிசும் சிறந்த சப்மிஷனுக்குத் தனியாக ஒரு பரிசும் தரப்பட்டன. 2014 தொடக்கத்தில் இரண்டையும் கலைத்து, சிறந்த ஆட்டத்திறனுக்கான 50,000 டாலர் பரிசுகளாக மாற்றினார்கள். அதுவரை தனி ஒதுக்கீடு பெற்றிருந்த சப்மிஷன், அன்றுமுதல் நாக்-அவுட்டோடு முண்டியடித்துப் பரிசு வாங்க வேண்டியதாயிற்று. அரங்கமே எழுந்து நின்று கத்துவது எதற்கு என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

2017-இல் நடைமுறைக்கு வந்த தீர்ப்பு முறையைப் பலர் திட்டுகிறார்கள், நான் வரவேற்கிறேன். வெறுமனே கிடத்தியதற்குப் புள்ளியில்லை, கிடத்திய பிறகு தாக்குதல் தொடர வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆளைக் கீழே தள்ளிவிட்டு அவர்மேல் இளைப்பாறியவர்களுக்குத்தான் அது பாதகம்.

உறையூர்த் தமிழாசிரியர் எழுதியது:

இடைமறிப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். மேலே கூறிய தீர்ப்பு முறையைப் படித்தவுடன் எங்கள் ஊர்ச் சோழன் நினைவுக்கு வந்தான். போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அவனது ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் மல்லனின் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. இதோடு புலவர் நிறுத்தவில்லை. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, தலையும் காலும் முறிய மோதிக் கொன்றான் என்று முடிக்கிறார். அடக்குவதும் முடிப்பதும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. சுற்றும் மணியும் இல்லாத களத்தில், அடக்கியவன் அடுத்ததைச் செய்யாமல் இருக்க முடியாது என்பதையும் கவனிக்கலாம்.

வெண்ணாற்றங்கரைப் பயிற்சியாளர் எழுதியது:

தஞ்சாவூர்ப் பக்கம் சிறிய பயிற்சிக்கூடம் நடத்துபவன் என்ற முறையில், குடந்தை வாசகரின் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்கிறேன். முதல் கேள்விக்கும் அதிலேயே ஓரளவு பதில் வந்துவிடும்.

அரியானாவிலோ கோலாப்பூரிலோ ஒரு பையன் எம்.எம்.ஏ.வுக்கு வந்தால், சிறுவயதிலிருந்தே அகாடா என்னும் மல்யுத்தக் கூடத்தில் புரண்ட உடம்போடு வருவான். நம் காவிரிப் படுகையில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே தெருவுக்குத் தெரு இருப்பது கராத்தே வகுப்பும் சிலம்பக் கூடமும்தான். ஆகவே என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அடிக்கத் தெரிந்து, விழத் தெரியாதவர்கள். இதற்கு விதிவிலக்கு கபடிப் பிள்ளைகள். திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் இரவெல்லாம் ஃபோகஸ் விளக்கில் மண் தரையில் ஆடி வளர்ந்தவர்களுக்கு, ஓடும் காலை நிறுத்தும் வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைப் பழங்கதை என்று சொல்பவரிடம், உங்களை ஒருமுறை இந்தப் பையன் பிடிக்கட்டும் என்று சொல்லுங்கள்.

ஆயினும் கபடிப் பிடிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தலை. கணுக்காலுக்குப் பாயும் கார்னர் ஆட்டக்காரர் தலையைத் தாழ்த்தி, கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு போவார். கபடியில் பாடி வருபவர் அந்தக் கழுத்தை நெரிக்க மாட்டார். கூண்டில் அதே பாய்ச்சல் பாய்ந்தால், எதிராளியின் முன்கை தாடைக்கு அடியில் நுழைந்து கில்லட்டின் பிடியாகிவிடும், அல்லது மேலெழும் முழங்கால் முகத்தைச் சந்திக்கும். 2019-இல் பென் ஆஸ்க்ரென் என்ற ஒலிம்பிக் மல்யுத்த வீரரே தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்ந்தபோது, எதிராளி மாஸ்விடாலின் பறக்கும் முழங்காலில் ஐந்தே நொடியில் வீழ்ந்தார்.

இரண்டாவது, பிடித்த பிறகு வரும் நேரம். கபடியில் பாடி வருபவர் கோட்டைத் தொடாமல் நிறுத்திவிட்டால் விசில் அடித்துவிடும். பிடித்தவர் எழுந்து தொடையைத் தட்டிக்கொள்ளலாம். எம்.எம்.ஏ.வில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. என் கூடத்தில் கூண்டு வாங்க வசதியில்லை. சுவரில் மெத்தை அடித்து வைத்திருக்கிறோம். ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார, மற்றவர் அவர் காலைக் கட்டியிருப்பார். உட்கார்ந்திருப்பவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையை எதிராளியின் அக்குளுக்குள் நுழைத்துத் தூக்கி, முதுகைச் சுவரில் தேய்த்தபடியே இடுப்பைத் திருப்பி எழ வேண்டும். பிடித்திருப்பவர் ஊன்றிய கையை மணிக்கட்டில் பற்றி இழுத்து, இரு கால்களையும் தன் கால்களால் பின்னி, எழவிடாமல் செய்ய வேண்டும். கபடி ஆடி வந்த பையன்கள் முதல் நொடியில் வென்று, அடுத்த அரை நிமிடத்தில் தோற்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இன்றைய கிராப்ளிங் பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது. தொலைக்காட்சியில் இருவர் வேலியோரம் சும்மா சாய்ந்து நிற்பதாகத் தெரிவதால், அது தேய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

விதி மாற்றம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு கையைத் தரையில் ஊன்றியவரைத் தரையில் இருப்பவராகக் கருதி, அவர் தலையில் முழங்காலால் தாக்கக்கூடாது என்றிருந்தது. 2024 நவம்பர் முதல் யு.எஃப்.சி.யில் கையும் பாதமும் கணக்கில் சேராது; முழங்கால் போன்ற வேறு உறுப்பு தரையைத் தொட்டால்தான் அந்தப் பாதுகாப்பு. செங்குத்தாக மேலிருந்து கீழே இறக்கும் முழங்கைத் தாக்குதலுக்கு இருந்த தடையும் அப்போதே நீங்கியது. முன்னது குனிந்து காலைப் பற்றும் நம் பையன்களுக்கு ஆபத்து. பின்னது மேலே ஏறி அமரக் கற்றவருக்கு ஆதாயம்.

குடந்தை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பயிற்சியாளர் ஐயா, அப்படியானால் அவன் பாக்ஸிங்கை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாமா?

வெண்ணாற்றங்கரைப் பயிற்சியாளர் எழுதியது:

தள்ளிவைக்க வேண்டாம், தம்பி. நேர்க்குத்து ஒன்றும், முகத்தைக் காத்துக்கொள்ளும் முறையும் தொடக்கத்திலிருந்தே வேண்டும். குத்து வருமென்று எதிராளி அஞ்சினால்தான் அவன் கை மேலே போகும், கால் பிடிக்குக் கிடைக்கும். மற்ற நேரத்தையெல்லாம் மெத்தைக்கே கொடுக்கச் சொல்லுங்கள். கணுக்காலை விட்டுவிட்டு முழங்காலுக்குப் பின்புறம் பிடிக்கப் பழகட்டும். நெற்றி எதிராளியின் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பார்வை தரைக்குப் போகக்கூடாது. மழைக்காலத்தில் எங்கள் மெத்தையில் ஈரம் கசியும் என்பதால், அவன் தை மாதத்தில் வந்து சேர்வது நல்லது. கபடிப் பருவமும் அப்போதுதான் சூடுபிடிக்கும் என்று எனக்கும் தெரியும். இரண்டில் ஒன்றை அவனே தேர்ந்துகொள்ளட்டும்.